பனை மகரந்தத்தில் ஒவ்வாமைச் சாறு எடுப்பது: மூன்றாம் தடவை சரிவந்த முறை

பனையில் பாளை வரத் தொடங்கினால் எங்கள் வீட்டில் தங்கச்சிக்குத் தும்மலும் தொடங்கிவிடும். பின்வேலியோடு இரண்டு ஆண்பனை நிற்கிறது. அதுதான் காரணமோ என்ற கேள்வி பல வருடமாக மனதில் கிடந்ததால், இறுதியாண்டு ஆய்வுக்குப் பனை மகரந்தத்தையே எடுத்தேன். மூன்று தடவை சாறு எடுத்தேன். முதலிரண்டையும் கொட்ட வேண்டி வந்தது. அந்த இரண்டு தடவையும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். ஒவ்வாமைச் சாறு என்பது, ஒருவருக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் வைத்துப் பார்க்கும் சாறு. ஆனால் இப்படி எடுக்கும் சாறு ஆய்வுகூடத்துக்கு உரியது. ஆளின் தோலில் வைப்பதென்றால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி, கிருமியின்மைச் சோதனை, அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் வைத்தியர் எல்லாம் வேண்டும். மான்செஸ்டரில் இருந்த சார்ள்ஸ் பிளாக்லி தன் தோலைக் கீறிப் புல் மகரந்தத்தை வைத்துப் பார்த்து, 1873 இல் அதை நூலாக வெளியிட்டார். அப்போது அனபிலக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை) என்ற பெயரே கிடையாது, அது 1902 இல்தான் வந்தது. நமக்கு அந்த ஆபத்து தெரியும். ஆகவே உங்கள் கையில் நீங்களே குத்திப் பார்க்காதீர்கள்.

சேகரிப்பது

கள்ளுச் சீவும் மரம் சரிவராது. பாளையை நசுக்கிக் கட்டி நுனியை அரிந்துவிடுவதால் பூ விரியாது. சீவாத ஆண்பனையாகப் பார்த்து, சீவல் தொழில் செய்யும் ஒருவரையே ஏறச் சொல்லுங்கள். எந்தக் கதிர் விரியும் பக்குவம் என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். விரல் மொத்தக் கதிரில், செதில்களுக்குள்ளிருந்து ஒன்றிரண்டு மஞ்சள் பூ எட்டிப்பார்க்கும் நிலைதான் நல்லது. காற்றில்லாத அறையில் வெள்ளைத் தாளின்மேல் கிடத்தினால் மறுநாள் தூள் கொட்டியிருக்கும். சமையலறை அரிதட்டு போதாது. 100 மெஷ், பிறகு அதைவிட நுண்ணிய கண்ணுள்ள 200 மெஷ் என்று ஆய்வுகூட அரிதட்டில் இரண்டு தடவை அரியுங்கள்.

காயவைப்பது

நான் இரண்டு தடவையும் விழுந்தது இங்கேதான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குக் காயவைப்பது என்றால் வெயில்தான். ஒடியல், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் முற்றத்தில் காய்ந்தே பழக்கம். நானும் மகரந்தத்தைத் தாளில் பரப்பிச் சுளகில் வைத்து மொட்டைமாடியில் விட்டேன். பின்னேரம் ஒரு துளி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், நீளவாக்கில் ஒரே பிளவுள்ள பனை மணிகளுக்கு நடுவே முள்முள்ளாய் உருண்டை மணிகள். பார்த்தீனியக் களையின் மகரந்தம்! ஒற்றைத் துளையுள்ள புல் மணிகளும், ஒழுங்கைப் புழுதியும் கூட. வெயிற் சூடு புரதத்தைக் கெடுக்கும் என்பது வேறு.

இரண்டாம் தடவை, பயத்தில், ஈரம் போகுமுன்னே போத்தலில் அடைத்துப் பிறிட்ஜில் வைத்தேன். நாலாம் நாள் தூள் கட்டிபட்டு, கட்டிக்குள் வெள்ளை நூல் ஓடியிருந்தது. பூஞ்சணமே ஒரு ஒவ்வாமைப் பொருள். அந்தச் சாற்றுக்கு ஒருவரின் தோல் தடித்தால், தடிக்கவைத்தது பனையா பூஞ்சணமா என்று யார் சொல்வது?

சரியான வழி இதுதான். நிழலில், மெல்லிய படலமாகப் பரப்பி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பாத்திரத்தில் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். நிறை மாறாமல் நிற்கும்வரை நிறுத்துக்கொண்டே இருங்கள். பிறகு 200 மணிகளாவது எண்ணுங்கள். நூற்றுக்கு 95 பனையாக இல்லாவிட்டால் நான் தொடரமாட்டேன்.

கொழுப்பு நீக்குவது

மகரந்தத்தின்மேல் எண்ணெய்ப் பசை இருக்கும். ஒரு கிராமுக்குப் பத்து மில்லிலீற்றர் ஈதர் விட்டு, மெல்ல ஆட்டி, தெளிய விட்டு வடியுங்கள். மஞ்சள் இறங்காமல் போகும்வரை திரும்பச் செய்யுங்கள். ஈதர் 34.6 பாகையில் கொதிக்கும். எங்கள் சித்திரை மத்தியானம் கிட்டத்தட்ட அந்தச் சூடுதான். அதனால் விடியக்காலை, பியூம் கபேட்டுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வுகூட அலமாரி), சுற்றுவட்டாரத்தில் நெருப்போ சூடேற்றியோ இல்லாமல் செய்யுங்கள். மணம் முழுதாய்ப் போகும்வரை பொறுங்கள்.

சாறு இறக்குவது

நான் பாவிப்பது கோகா கரைசல்: ஒரு லீற்றரில் சோடியம் குளோரைட்டு 5 கிராம், சோடியம் இருகாபனேற்று 2.75 கிராம், பீனோல் 4 கிராம். ஒரு கிராம் மகரந்தத்துக்கு 20 மில்லிலீற்றர். 4 பாகையில், நுரை எழும்பாத வேகத்தில் 24 மணித்தியாலம் கலக்குங்கள். நுரைத்தால் புரதம் குலையும். கரண்ட் போகும் என்று முன்கூட்டியே எண்ணி, ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருங்கள். எனக்கு அது ஒரு இரவைக் காப்பாற்றியது.

மையநீக்கியில் சுற்றித் தெளிவை எடுத்து, 0.45, பிறகு 0.22 மைக்ரோமீற்றர் வடியில் வடியுங்கள். வடி, புரதத்தை அவ்வளவாகப் பிடிக்காத பீஈஎஸ் (PES) அல்லது பீவீடீஎஃப் (PVDF) பிளாஸ்டிக்காக இருக்கட்டும். நைலோன் வடி புரதத்தைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும், அது மலிவென்று வாங்காதீர்கள். கடைசியில் கிருமிநீக்கிய கிளிசரோலைச் சம அளவு சேருங்கள். பீனோல் கிருமியைத் தடுத்தாலும் நாளடைவில் புரதத்தைக் கெடுக்கும், கிளிசரோல் அதற்குக் காவல். வடித்த பிறகே சேர்க்கவேண்டும், முதலே சேர்த்தால் தடிப்பில் வடி அடைத்துவிடும்.

பின்சேர்க்கை

வாசித்துவிட்டுச் செய்துபார்த்த ஒரு மாணவிக்கு, நிறத்தை வைத்துப் புரதத்தை அளக்கும் லோறி முறையில் புரதம் நம்பமுடியாத அளவுக்குக் கூடிவந்தது. குற்றம் அவருடையதல்ல, நான் எழுதாமல் விட்டது. லோறியில் விடும் ஃபோலின் கரைசல் பீனோலோடும் தாக்கமுறும். கோகா கரைசலில் பீனோல் நிறைய. கிளிசரோல் சேர்க்குமுன் கொஞ்சத்தை எடுத்து, 3,500 டால்ரன் சவ்வில் (சிறு மூலக்கூறுகளை வெளியே விட்டுப் புரதத்தை உள்ளே நிறுத்தும் சவ்வு) பீனோல் போகும்வரை கூழ்பிரித்துவிட்டு அளவிடுங்கள்.

இன்னொருவர் லேபிள் பற்றிக் கேட்டார். லேபிளில் எழுதுவது ஒரு கிராம் மகரந்தத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் என்ற விகிதம். கிளிசரோல் சேர்த்த பிறகு அது 1:20 அல்ல, 1:40. அப்படியே எழுதுங்கள், திகதியும் மரம் நின்ற இடமும் கூட.

தங்கச்சிக்கு என்ன நடந்தது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். அவளை வைத்தியரிடம் கூட்டிப்போனோம். தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்தார்கள். முதல் நாள், யாருக்கும் தடிக்கவேண்டிய ஹிஸ்டமின் வைத்த இடமே தடிக்கவில்லை. முந்தின நாள் தும்மலுக்குக் குளிசை போட்டிருந்தாள். ஒரு கிழமை குளிசையை நிறுத்தச் சொல்லித் திரும்ப வரச்சொன்னார்கள். அடுத்த தடவை, பதினைந்து நிமிடத்தில், வீட்டுத் தூசி உண்ணிக்கு 6 மில்லிமீற்றர் தடித்தது. 3 வந்தாலே கணக்கு. அங்கே இருந்த சாறுகளில் பனை இல்லை. தலையணை உறைகளை இப்போது சுடுதண்ணீரில் தோய்க்கிறோம். பின்வேலிப் பனை இரண்டும் நிற்கின்றன. என் மூன்றாவது சாறு ஆய்வுகூடத்துப் பிறிட்ஜில் இருக்கிறது.