மொத்த ஏலத்தில் வாங்கிய காரில் குறை தெரிந்தால்: ஆர்பிட்ரேஷன் முறையீட்டுக்கான செய்முறை

அமெரிக்காவில் டீலர் உரிமம் பெற்று, மேன்ஹைம், அடீசா போன்ற மொத்த ஏலங்களில் கார் வாங்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏலக் கணக்கு திறப்பது, கடன் வரம்பு பெறுவது ஆகியவற்றை முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். விற்பவர் சொல்லாத குறை ஒன்று காரில் தெரியவந்தால், வாங்கியவருக்குள்ள வழி ஆர்பிட்ரேஷன் எனப்படும் முறையீடு. அதில் வெற்றி கிடைக்குமா என்பது பெரும்பாலும் அந்தக் கார் ஏல மைதானத்தின் வாசலைத் தாண்டும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

1. விதிமுறையில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

1948இல் தொடங்கப்பட்ட தேசிய வாகன ஏலச் சங்கம், உறுப்பு ஏலங்களுக்கென ஒரு பொது ஆர்பிட்ரேஷன் விதிமுறையை வைத்திருக்கிறது. எனினும் ஒவ்வொரு ஏல நிறுவனமும் தன் சொந்த விதிகளை அதனுடன் சேர்த்துக்கொள்வதால், நீங்கள் வாங்கும் இடத்தின் விதிமுறையையே படிக்க வேண்டும். எந்த வகைக் குறைக்கு எத்தனை நாள் அவகாசம், ஏலம் நடந்த நாள் அந்தக் கணக்கில் சேருமா, பழுதுபார்க்கும் செலவு குறைந்தது எத்தனை டாலர் இருந்தால் முறையீடு ஏற்கப்படும் என்பவையே அந்த மூன்று விவரங்கள். அந்தக் குறைந்தபட்சத் தொகை பொதுவாக ஒரே ஒரு குறைக்கு உரியது. நான்கு சிறு பழுதுகளின் செலவைக் கூட்டிக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். டயர், பிரேக் பேட் போன்ற தேயும் பாகங்களுக்கும் முறையீடு செல்லாது.

2. விளக்கின் நிறத்தைப் பாருங்கள்

கார்கள் வரிசையாக ஏலத்துக்கு வரும் பாதையான லேனில், விற்பனை நிபந்தனையைக் காட்ட வண்ண விளக்குகள் எரியும். பச்சை விளக்கு எரிந்தால் என்ஜின், கியர்பாக்ஸ் முதலிய முக்கியப் பாகங்களுக்கு விற்பவர் பொறுப்பேற்கிறார். மஞ்சள் எரிந்தால் ஏதோ ஒரு குறை அறிவிக்கப்படுகிறது. அப்படி அறிவித்த குறைக்காகப் பின்னர் முறையிட முடியாது. சிவப்பு என்றால் உள்ளது உள்ளபடி விற்பனை. நீலம் எரிந்தால் டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், இன்னும் ஏலத்தின் கைக்கு வரவில்லை. சிவப்பு விளக்கில் வாங்கியிருந்தாலும், டைட்டில் சிக்கலுக்கும் ஓடோமீட்டர் மோசடிக்கும் பொதுவாக முறையிடலாம்.

3. விற்பனைச் சீட்டைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். ஏலம் கூறுபவர் ஒலிபெருக்கியில் வேகமாகச் சொல்லும் ‘சட்டகச் சேதம்’, ‘உண்மையான மைலேஜ் (கார் இதுவரை ஓடிய மொத்த மைல்கள்) தெரியாது’ போன்ற அறிவிப்புகள் பக்கத்து லேன்களின் இரைச்சலில் காதில் விழாமல் போகலாம். ஆனால் அவை சீட்டில் அச்சாகியிருந்து, நீங்களும் கையெழுத்திட்டுவிட்டால், காதில் விழவில்லை என்ற வாதம் எடுபடாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: விற்பவரின் ஆள் லேனில் நின்று வாய்மொழியாகக் கொடுத்த உறுதி சீட்டில் இல்லையென்றால், ஆர்பிட்ரேஷன் அலுவலகத்தில் அதற்கு மதிப்பில்லை. சீட்டில் உள்ள விளக்கின் நிறம், மைலேஜ், அறிவிப்புகள் ஆகியவற்றைத் திரையில் கண்டவற்றுடன் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் கையெழுத்திடும் முன் அங்கேயே திருத்தம் கேளுங்கள்.

4. வாசலைத் தாண்டும் முன் சோதியுங்கள்

ஏல நிறுவனம் கட்டணம் பெற்றுச் செய்து தரும் விற்பனைக்குப் பிந்தைய ஆய்வை, விலை அதிகமான கார்களுக்கு நான் தவறாமல் எடுக்கிறேன். குறை இருப்பதாக அவர்களுடைய ஆய்வாளரே எழுதிவிட்டால் வாதாட வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது. அத்துடன் என்னிடம் இரண்டு கருவிகள் எப்போதும் இருக்கும்: காரின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், பெயின்ட் தடிமன் மீட்டர். கைபேசியுடன் இணைக்கும் மலிவான அடாப்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனித் திரையுள்ள, ரெடினஸ் மானிட்டர்களையும் (காரின் கணினி தன் சுயசோதனைகளை முடித்துவிட்டதா என்பதைச் சொல்பவை) காட்டும் ஸ்கேனரே வேண்டும். காரின் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, ஆனால் பல மானிட்டர்கள் முழுமையடையவில்லை என்றால், பிழைக் குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம். மைதானத்தில் நெடுநாள் நின்ற காரின் பேட்டரி தீர்ந்துபோனாலும் அதே நிலை ஏற்படும் என்பதால், இதை மட்டுமே சான்றாகக் கொண்டு முறையிடாதீர்கள். மேலும் கூர்ந்து சோதிப்பதற்கான காரணமாகக் கொள்ளுங்கள்.

பெயின்ட் தடிமன் ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாக இருந்தால், அந்தப் பக்கத்து வெல்டிங் புள்ளிகளையும் அடிச்சட்டகத்தையும் பாருங்கள். மறுபெயின்ட் தானாகவே முறையீட்டுக்கு உரிய குறையாகிவிடாது. அறிவிக்கப்படாத சட்டகச் சேதமே அப்படிப்பட்ட குறை.

5. எதையும் கழற்றாதீர்கள்

குறை தெரிந்ததும் தம் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் முறையீட்டுக்கு முன் பழுதுபார்த்தால் உரிமை பறிபோகும் வாய்ப்பு மிக அதிகம். ஸ்கேனர் திரை, ஓடோமீட்டர், கசிவு ஆகியவற்றைப் படமெடுங்கள். குளிர்ந்த என்ஜினைத் தொடங்கும்போது எழும் ஒலியைக் காணொளியாகப் பதியுங்கள்.

6. எல்லாக் குறைகளையும் ஒரே முறையீட்டில் எழுதுங்கள்

இயந்திரக் கோளாறுகளுக்கு ஒரு காருக்கு ஒருமுறைதான் முறையிட முடியும் என்பதே பரவலான விதி. ‘கியர் சரியில்லை’ என்று எழுதாமல், ‘இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது நழுவுகிறது’ என்று எழுதுங்கள். ஆய்வில் குறை உறுதியானால் விலைக் குறைப்போ, விற்பனை ரத்தோ கிடைக்கும். உறுதியாகாவிட்டால் ஆய்வுக் கட்டணம் உங்கள் தலையில் விழும். விலைக் குறைப்பை ஏற்குமுன் பழுதுச் செலவுடன், கார் விற்பனைக்கு வைக்கப்படாமல் முடங்கிக் கிடக்கும் நாட்களின் வட்டியையும் கணக்கிடுங்கள்.

பின்சேர்க்கை

இணைய ஏலத்தில் வாங்கும் வாசகர்கள் சிலர், கார் லாரியில் வந்து சேருமுன்பே அவகாசம் முடிந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். காலக்கணக்கு விற்பனை நாளிலிருந்து தொடங்குகிறதா, கார் வந்து சேர்ந்த நாளிலிருந்தா என்பது ஏலத்துக்கு ஏலம் மாறுபடும். விற்பனை நாளே தொடக்கம் என்றால், காரை ஏற்றி அனுப்பும் முன் அங்கேயே ஆய்வு செய்யச் சொல்லிவிடுங்கள்.

ஓடோமீட்டர் குறித்தும் கேட்டிருந்தார்கள். விற்பவர் மைலேஜை எழுத்தில் அறிவிக்கும் கூட்டாட்சிக் கடமை முன்பு காரின் முதல் பத்து ஆண்டுகளுக்கு மட்டும் இருந்தது. 2021 ஜனவரி முதல், 2011ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் அது இருபது ஆண்டுகளாகிவிட்டது. ஆகவே 2011 மாடல் கார் ஒன்றுக்கு மைலேஜ் விலக்கு என்று டைட்டிலில் எழுதித் தந்தால், அதை ஏற்காமல் உடனே ஏல அலுவலகத்தில் தெரிவியுங்கள்.