சின்னக் குழாய்த் தாங்கிக்கு எவ்வளவு பெரிய ஃபூட்டிங்?

குழாய் லேசானதுதானே என்று தாங்கிக்கு ஒரு கைப்பிடி கான்கிரீட்டை ஃபூட்டிங்காக (தாங்கியின் அடியில் மண்ணில் புதையும் கான்கிரீட் அடித்தளம்) போட்டுவிட்டு நகர்பவர்கள் அதிகம். இங்கே எடையைவிடப் பக்கவாட்டு விசைதான் முக்கியம். சென்னையில் திறந்தவெளியில் ஓடும் 4 அங்குல இரும்புத் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொள்வோம். தாங்கிகள் 4 மீட்டருக்கு ஒன்று.

முதலில் எடை. ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் தர எண்) குழாய் மீட்டருக்குச் சுமார் 16 கிலோ, உள்ளே இருக்கும் தண்ணீர் 8 கிலோ. ஒரு தாங்கிக்கு 96 கிலோதான் வருகிறது. மண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்றால் பத்து சென்டிமீட்டர் சதுரமே போதும்! ஆரம்பத்தில் பலர் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான்.

அடுத்து காற்று. கட்டடங்களுக்கான காற்றுச் சுமை பற்றிய இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 பகுதி 3 சென்னைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதற்கான அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 153 கிலோ. குழாயின் வெளிவிட்டம் 114 மி.மீ., நீளம் 4 மீட்டர், வடிவக் கெழு (வடிவத்தைப் பொறுத்துக் காற்று விசையைத் திருத்தும் எண்) 1.2. பெருக்கினால் 84 கிலோ பக்கவாட்டு விசை.

ஃபூட்டிங்கின் ஆழம் தரைக்குக் கீழே 50 செ.மீ., மேலே 15 செ.மீ. என்று வைப்போம். அடியிலிருந்து குழாயின் மையம் 90 செ.மீ. உயரத்தில். கவிழ்க்கும் திருப்புவிசை 84 கிலோ × 0.9 மீட்டர் = 76 கிலோ-மீட்டர் (தூரம் அல்ல, விசையையும் உயரத்தையும் பெருக்கியது).

இப்போது அகலம். தண்ணீர் இல்லாத வெறும் குழாயையே (64 கிலோ) எடுங்கள், கவிழ்வதற்கு அதுதான் மோசமான நிலை. 60 செ.மீ. சதுரம் என்றால் கான்கிரீட் 562 கிலோ, மொத்தம் 626. 76-ஐ அதால் வகுத்தால் விலகல், அதாவது சுமை ஃபூட்டிங்கின் நடுவிலிருந்து தள்ளி விழும் தூரம், 12 செ.மீ. அகலத்தில் ஆறில் ஒரு பங்கான 10 செ.மீ.க்குள் அது அடங்கவில்லை. ஒரு பக்கம் அடிப்பகுதி மண்ணைவிட்டு எழும்பும். 70 செ.மீ. சதுரம் என்றால் மொத்தம் 828 கிலோ, விலகல் 9 செ.மீ., வரம்பு 11.7. சரி, தேறிவிட்டது. மண்ணில் அதிகபட்ச அழுத்தம் சதுர மீட்டருக்கு 3 டன்தான்.

ஒன்றை மறக்காதீர்கள்: சென்னையில் புயலும் மழை வெள்ளமும் சேர்ந்தே வரும். குழியைச் சுற்றித் தண்ணீர் நின்றால் 70 செ.மீ. ஃபூட்டிங்கின் எடையில் மிதப்பு விசை சுமார் 245 கிலோவைக் குறைத்துவிடும், விலகல் வரம்பைத் தாண்டிவிடும். அப்படித் தண்ணீர் தேங்கும் இடத்தில் நான் 80 செ.மீ. போடுவேன். கரிசல் மண் என்றால் இந்தக் கணக்கு போதாது, மண் பரிசோதனை செய்துவிட்டு இறங்குங்கள்.

அப்புறம் வேலை. குழியின் அடியை நன்றாகத் திமிசு போட்டு, 75 மி.மீ. லீன் கான்கிரீட் (சிமென்ட் குறைந்த கலவை) இடுங்கள். அடியில் 10 மி.மீ. கம்பியை இரு திசையிலும் 150 மி.மீ. இடைவெளியில் கட்டி, 50 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வையுங்கள். எம்20 தரக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், தாங்கியைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகளைத் துளையிட்ட பலகையில் பொருத்தி அசையாமல் கட்டிவிடுங்கள். கான்கிரீட் இறுகியபின் போல்ட் பேஸ் பிளேட்டில் (தாங்கியின் அடித்தகடு) சேரவில்லை என்றால் உடைத்தெடுப்பதைத் தவிர எளிய வழியில்லை. குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டிவிட்டு, அதன்பிறகே தாங்கியை நிறுத்துங்கள்.