பக்கத்துக் காட்டுக் களைக்கொல்லியும் நம் பருத்தியும்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில், மக்காச்சோளத்துக்குத் தெளிக்கும் 2,4-டி களைக்கொல்லியின் சாரல் பக்கத்துக் காட்டிலுள்ள பருத்தியில் சிறிதளவு பட்டாலும், புதிதாக வரும் இலைகள் வெண்டை இலையைப் போலக் குறுகிப் பிளவுபட்டு வளரும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் இதை வைரஸ் நோயென்று எண்ணிப் பூச்சிமருந்து அடிப்பது வீண் செலவு. சாரல் இலேசாக இருந்தால், அடுத்தடுத்த துளிர்கள் பெரும்பாலும் தாமாகவே தேறிவிடும்.

கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியோ பச்சைப் பட்டை மாறாத எலுமிச்சைக் கன்றுகளின் தண்டு வழியாகவும் உள்ளே இறங்கி வேர் வரை செல்லக்கூடியது என்பதால், கன்றுகளைச் சுற்றிக் கையால் களையெடுப்பதே நல்லது. களைக்கொல்லிக்கெனத் தனித் தெளிப்பான் ஒன்றை ஒதுக்கி, காற்று தணிந்த வேளையில், முனையைத் தாழ்த்திப் பிடித்து, பெரிய துளிகளாக விழும்படி தெளிக்க வேண்டும்.