அயல்நாட்டு அரசுடன் வளாகம் தொடங்குவது எப்படி?

அயல்நாட்டு அரசுடன் கூட்டுச் சேர விரும்பும் பொறியியல் கல்லூரித் தலைவர், பொன்னாடையும் புகைப்படமுமாக முடிந்துபோகும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தோடு நின்றுவிடாமல், செலவு யாருடையது, பாடத்திட்டம் யாருடையது, பட்டம் யார் பெயரில் என்பதை முதலிலேயே எழுத்தில் பெற வேண்டும். சென்னை ஐஐடி, தான்சானியாவின் தன்னாட்சித் தீவுப் பகுதியான சான்சிபாரில் வளாகம் அமைக்க 2023 ஜூலை 5 அன்று ஒப்பந்தமிட்டபோது, இந்தியக் கல்வி அமைச்சகமும் சான்சிபார் கல்வி அமைச்சகமும் அதில் இணைந்தன. மூலதனச் செலவையும் நடைமுறைச் செலவையும் சான்சிபார் அரசு ஏற்க, பாடத்திட்டம், மாணவர் தேர்வு, பட்டம் ஆகியவை ஐஐடியிடமே இருந்தன. பணம் தருபவரிடம் சேர்க்கையை விட்டுக்கொடுக்காததே இதில் கவனிக்க வேண்டியது. வளாகப் பொறுப்பாளராக, சான்சிபார் வளாகத்துக்குத் தலைமையேற்ற சென்னை ஐஐடி வேதிப்பொறியியல் பேராசிரியர் பிரீத்தி அகலாயத்தைப் போல, சொந்தத் துறையில் ஊறியவரை அனுப்புங்கள். தொடக்கத்தில் ஒரே துறை போதும். அங்கே தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் இணைந்த படிப்போடுதான் ஆரம்பித்தார்கள்.