த்ரஸ்டரை நிறுக்கும்போது சாக்கைக் கழித்தீர்களா?

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், தராசு காட்டுவது கொழுந்தின் எடை மட்டும் இல்லை. சாக்கு இருக்கிறது, மழை நாளில் ஈரமும் இருக்கிறது. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் அத்தனை சண்டையும். சிறு செய்மதியைத் தள்ளும் மின் எஞ்சினான த்ரஸ்டரைச் சுற்றுப்பாதையில் சோதிப்பதும் அப்படித்தான். ஹட்டனில் என்னிடம் படிக்கிற உயர்தரப் பிள்ளைகளின் செயற்றிட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைச் சொல்கிறேன்.

மேலே போனதும் த்ரஸ்டரைப் போட்டுவிடுவது முதல் பிழை. 500 கி.மீ. உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. சூரியன் கொந்தளித்தால் அதன் இழுவை கூடும். 2022 பெப்ரவரியில், 210 கி.மீ. வரை தாழ்ந்த பாதையில் இருந்த 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் பெரும்பாலானவற்றை ஒரு காந்தப் புயல் பலிகொண்டது. ஆகவே த்ரஸ்டரைத் தொடாமல் சில நாள் பாதையை மட்டும் அளந்து வையுங்கள். அதுதான் சாக்கின் எடை. உள்ளே தங்கிய வாயுவும் ஈரமும் வெளியேறவும் அந்த நாட்கள் வேண்டும். இல்லாவிட்டால் உயர் வோல்ட் பொறி தட்டும்.

அடுத்தது, ‘கரண்ட் பாய்ந்தது, எனவே தள்ளியது’ என்று எழுதுவது. 1964இல் இரண்டு மின் எஞ்சின்களை விண்வெளியில் சோதித்த நாசாவின் செர்ட்-1 கலத்தில் அப்படி நம்பிவிடவில்லை. ஓர் எஞ்சின் ஷோர்ட் ஆகி இயங்கவே இல்லை. மற்றது 31 நிமிடம் ஓடியது. கலத்தின் சுழற்சி வேகம் மாறியதை வைத்தே உந்துவிசையை உறுதிசெய்தார்கள்.

எவ்வளவு சின்ன விசை என்று பாருங்கள். 0.5 மில்லிநியூட்டன் என்றால் 0.05 கிராமின் எடை, காய்ந்த தேயிலைத் துணுக்கு ஒன்று. 5 கிலோ செய்மதியை அது 10 நிமிடம் பாதையின் திசையில் தள்ளினால் உயரம் ஏறக்குறைய 100 மீற்றர் கூடும். பொதுவில் கிடைக்கும் பாதைத் தரவில் ஒரு கிலோமீற்றர் அளவுக்கே பிழை இருக்கும். அதில் இந்த 100 மீற்றரைத் தேடுவது வீண். நேரத்தைப் பாருங்கள். உயர்ந்த பாதையில் சுற்று மெதுவாகும், நாளுக்கு 2 செக்கன் பிந்தி வரும். ஒரு வாரத்தில் 14 செக்கன், ஒளித்துவைக்க முடியாது.

ஆனால் கடிகாரம்? எங்கள் பிள்ளை ஒருவன் அளவு நாடாவை வெட்டிச் செய்த யாகி அன்ரெனாவோடு (ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் அன்ரெனா) மலையேறி, செய்மதியின் சிக்னல் தொடங்கிய நேரத்தைக் குறித்து வந்தான். லெப்டொப் கடிகாரம் 3 செக்கன் முந்தி ஓடியது. போதாததற்கு, எதிர் மலை தொடக்கத்தை மறைத்திருந்தது. தொடக்கத்தை விடுங்கள், டொப்ளர் வளைகோடு, அதாவது செய்மதி நெருங்கி விலகும்போது சிக்னலின் அதிர்வெண் குறைவதைக் காட்டும் கோடு, மிகச் செங்குத்தாய் இறங்கும் கணத்தைக் குறியுங்கள். மலை தொடக்கத்தை மறைத்தாலும் அது மாறாது.

உந்துவிசைக் கோடு திணிவு மையத்தைத் தப்பினால் செய்மதி சுழலத் தொடங்கும். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

சிக்னல் வரவில்லை என்றால் பனிமூட்டத்தைத் திட்டாதீர்கள். செய்மதி அனுப்பும் 435 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலை அதற்குள்ளால் வந்துவிடும். வயர் இணைப்பைப் பாருங்கள்.