கரை ஒதுங்கிய கப்பல் சரக்கு: கை வைக்கும் முன் பலர் செய்யும் தவறுகள்

2007 ஜனவரியில் எம்எஸ்சி நேப்போலி என்ற சரக்குக் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி விரிசல் கண்டது. மாலுமிகள் 26 பேரையும் ஹெலிகாப்டர்கள் மீட்டன. ஆழ்கடலில் இரண்டாக உடைந்து எண்ணெயைக் கொட்டிவிடக் கூடாது என்று, கப்பலை இழுத்து வந்து இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்கு அருகே வேண்டுமென்றே தரைதட்ட வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள் கடலில் விழுந்தன. அவற்றில் பல பிரான்ஸ்கம் என்ற சின்னஞ்சிறு கிராமத்தின் கரையில் வந்து ஒதுங்கின.

செய்தி டிவியில் வந்ததும் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கூட்டம் கிளம்பி வந்தது. பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள்கள், ஒயின் பீப்பாய்கள், வாசனைத் திரவியம், கார் உதிரி பாகங்கள், குழந்தைகளுக்கான டயாப்பர்கள் என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளினார்கள். மூடியிருந்த கண்டெய்னர்களைக்கூட உடைத்துத் திறந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் வேறெங்கும் திருடியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஈர மணலில் கிடக்கும் பொருளைப் பார்த்ததும் மனம் வேறு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. அந்தக் கணக்கில் எங்கெங்கே பிசகு வருகிறது என்று பார்ப்போம்.

‘கடல் கொடுத்தது, யாருக்கும் சொந்தமில்லை’

முதல் தவறு இதுதான், மிகப் பழைய தவறும் இதுதான். கப்பலிலிருந்து விழுந்ததால் பொருளின் இடம்தான் மாறியிருக்கிறது, உரிமையாளர் மாறவில்லை. பிரிட்டனின் 1995ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி, கண்டெடுத்தவர் 28 நாட்களுக்குள் அதற்கென உள்ள அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் வந்து கேட்க ஓராண்டு அவகாசம் உண்டு. சொல்லாமல் வைத்துக்கொண்டவருக்கு அபராதம் விதிக்கலாம், பொருளின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் வசூலிக்கலாம். நெதர்லாந்தில் அந்தந்த ஊர் மேயர்தான் ஒதுங்கும் பொருளுக்குப் பொறுப்பு.

இந்தியாவிலும் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் இதே வழியில்தான் எழுதப்பட்டது. கண்டெடுத்தவர் உரிமையாளர் இல்லையென்றால், கூடிய சீக்கிரம் மத்திய அரசு நியமித்த அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது அது. உரிமை கோர அதிலும் ஓராண்டுதான் இருந்தது. 2025இல் அதற்குப் பதிலாகப் புதிய வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறியது. பலருக்குத் தெரியாத இன்னொரு விதியும் உண்டு. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, உடைந்த கப்பலிலிருந்து கரைக்கு வரும் சரக்கும் இறக்குமதிச் சரக்குக்குச் சமம். அதாவது சுங்கவரி கட்ட வேண்டிய சரக்கு. வரி கட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால், உரிமையாளர் விஷயத்தோடு இதுவும் தனி வழக்காகலாம்.

ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம், நம் கடற்கரை தர்மம் வேறு என்று சிலர் சொல்லக்கூடும். நம் பக்கத்து வரலாறு அப்படிச் சொல்லவில்லை. காகதீய மன்னன் கணபதிதேவன் 1244–45இல் ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கல்வெட்டு நாட்டினான். புயலில் உடைந்து கரையில் வீசப்பட்ட கப்பல்களின் பொன், யானை, குதிரை, மணி எல்லாவற்றையும் முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள். உயிரைவிடப் பொருள் பெரிது என்று எண்ணிக் கடலேறியவர்கள் மேல் இரக்கப்பட்டு, முறையான சுங்கம் போக மிச்சத்தை அவர்களுக்கே விட்டுவிடுகிறோம் என்பது அதன் சாரம். இரக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்காது. கொள்ளை போகும் கரைக்கு அடுத்த வருஷம் எந்த வணிகன் வருவான்? மலபாரில் கள்ளிக்கோட்டை பெரிய துறைமுகமாக வளர்ந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. மற்ற துறைகளில் உடைந்த கப்பலின் சரக்கு அரசனின் கருவூலத்துக்குப் போகும், கள்ளிக்கோட்டையில் போகாது என்று 14ஆம் நூற்றாண்டில் வந்த பயணி இபின் பதூதா எழுதியிருக்கிறார்.

‘இன்சூரன்ஸ் வந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை’

நேப்போலி சமயத்தில் அதிகம் கேட்ட சமாதானம் இது. இதில் இரண்டு ஓட்டைகள். இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டால் பொருளின் மேல் உரிமை கோருவது அந்த நிறுவனமாக இருக்கும், அவ்வளவுதான். மணலில் நிற்பவருக்கு அதனால் புது உரிமை எதுவும் வருவதில்லை. இன்னொன்று, எல்லாருமே பெரிய கம்பெனிகள் அல்ல. அந்தக் கப்பலில் ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு பெண்மணி வீடு மாற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிய சாமான்களும் இருந்தன. குடும்பப் புகைப்படங்கள், கம்பளங்கள், பீங்கான்கள். முன்பின் தெரியாத ஆட்கள் அவற்றைக் கிளறி எடுத்துப் போவதை அவர் டிவியில் பார்க்க நேர்ந்தது. பாட்டி காலத்துப் புகைப்படத்துக்கு எந்த பாலிசியில் இழப்பீடு உண்டு?

கண்டெய்னர் என்றாலே முகமில்லாத பெட்டி என்று நினைத்துவிடுகிறோம். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர் கப்பலில் போட்டு அனுப்பும் அட்டைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதுவும் இப்படி ஒரு கண்டெய்னருக்குள்தான் வருகிறது.

‘போலீஸ் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தது’

பிரான்ஸ்கமில் முதலில் அதிகாரிகள் கூட்டத்தைத் தடுக்கவில்லை. எடுத்ததைத் தெரிவிக்கச் சொல்லிப் படிவம் கொடுத்தார்கள். படிவத்தை வாங்கினாலே பொருள் நம்முடையது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படிவம் ‘இது என்னிடம் பத்திரமாக இருக்கிறது’ என்ற தகவல் மட்டுமே. சீக்கிரமே கரையை மூடி, நெடுங்காலமாகப் பயன்படுத்தாமல் கிடந்த சட்ட அதிகாரங்களைத் தூசி தட்டி எடுத்து, எடுத்ததைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அதற்குள் சில பொருள்கள் ஆன்லைன் ஏலத்துக்கே போய்விட்டன. ஏலத்தில் வாங்கியவர்களும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. கரையிலிருந்து வந்த சரக்கு என்று தெரிந்தே சல்லிசாக வாங்குகிறவரால்தான் எடுப்பவருக்கு ஊக்கம்.

கண்டெடுத்தவருக்கு எதுவுமே இல்லையா என்றால், உண்டு. அலை இழுத்துப் போக இருந்த பொருளைக் காப்பாற்றி முறையாகத் தெரிவித்தவர் மீட்புக் கூலி கேட்கலாம், சட்டமே அதை ஏற்கிறது. தெரிவிக்காதவர் அந்த உரிமையையும் இழக்கிறார். பூட்டிய பெட்டியை உடைப்பது காப்பாற்றுவதில் சேராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பது

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இது. 2025 மே 24இல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. கப்பலில் 640 கண்டெய்னர்கள். அதில் 13இல் ஆபத்தான சரக்கு, 12இல் கால்சியம் கார்பைடு. மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கும் அதே கார்பைட் கல். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும், ஒரு தீப்பொறி போதும். கொல்லம் கரையில் கண்டெய்னர்கள் ஒதுங்கத் தொடங்கியபோது, கிட்டே போகாதீர்கள், 200 மீட்டர் தள்ளி நின்று 112ஐ அழையுங்கள் என்று கேரள அரசு எச்சரித்தது அதனால்தான்.

2021இல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 கண்டெய்னர்கள் இருந்தன. கூடவே 25 டன் நைட்ரிக் அமிலம். நீர்கொழும்புப் பக்கம் ஒதுங்கிய பொருள்களை, எச்சரிக்கையையும் கொரோனா ஊரடங்கையும் மீறிச் சிலர் அள்ளிச் சென்றார்கள். கைதுகளும் நடந்தன. 2019இல் எம்எஸ்சி ஸோயி வட கடலில் 342 கண்டெய்னர்களை இழந்தபோது, டச்சுத் தீவுகளின் கரையில் பொம்மையும் டிவியும் செருப்பும் வந்தன. அவற்றோடு ஆர்கானிக் பெராக்சைடு என்ற தீப்பிடிக்கும் ரசாயனப் பையும் வந்தது. பொம்மைக்கும் ரசாயனத்துக்கும் கடல் தனித்தனி வரிசை வைப்பதில்லை.

பாதிப்பில்லாதது போலத் தெரியும் வெள்ளைக் குருணைகளிலும் ஏமாற வேண்டாம். நர்டில் எனப்படும் இந்தப் பிளாஸ்டிக் மணிகள் எல்சாவிலிருந்து திருவனந்தபுரம், கன்னியாகுமரி, தனுஷ்கோடி வரை வந்தன. பேர்லிலிருந்து சுமார் 1,680 டன் கடலில் கலந்தது. குழந்தைகளை விளையாட விடாதீர்கள். உதவ நினைத்தால் மாவட்ட நிர்வாகம் நடத்தும் துப்புரவில் சேர்ந்து, கையுறை போட்டு அள்ளுங்கள். ஊர்க்காரர்கள் தாங்களாகவே அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டுவதும் தவறுதான். எத்தனை மூட்டை, எந்தக் கரையில் என்ற கணக்கு பின்னால் இழப்பீடு கேட்கும்போது ஆதாரமாகும்.

எடுத்தவரை மட்டும் குற்றவாளியாக்குவது

இது பார்வையாளர்கள் செய்யும் தவறு. கப்பல் மூழ்கினால் மீனவர்களுக்குத் தொழில் போகிறது, மூழ்கிய பெட்டியில் சிக்கி வலை கிழிகிறது, மீனை வாங்க ஜனம் பயப்படுகிறது. அந்த நிலையில் ஒரு பஞ்சு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர் மேல் வழக்கு உடனே பாய்கிறது. கப்பல் கம்பெனியோடு நடக்கும் வழக்கோ வருடக்கணக்கில் இழுக்கிறது. எல்சா விவகாரத்தில் கேரளா 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. பேர்ல் விவகாரத்தில் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டதே 2025இல்தான், நான்கு ஆண்டுகள் கழித்து.

1941இல் ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவருகே தரைதட்டிய எஸ்எஸ் பொலிட்டீஷியன் கப்பலில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் விஸ்கி பாட்டில்கள் இருந்தன. போர்க்காலப் பற்றாக்குறையில் இருந்த தீவுக்காரர்கள் இரவோடு இரவாக எடுத்துப் போனார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். மிச்ச விஸ்கி? சுங்க அதிகாரி கப்பலையே வெடி வைக்கச் செய்துவிட்டார். சட்டம் அதிகாரி பக்கம்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தீவுக்காரர்களையும், பிரான்ஸ்கமுக்கு வேன் எடுத்துக்கொண்டு வந்தவர்களையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பாதிக்கப்பட்ட கரையில் வாழ்கிறவர் வேறு, லாபம் தேடித் தொலைவிலிருந்து வந்தவர் வேறு.

சரி, நாளைக்கு உங்கள் ஊர்க் கரையில் ஒரு பெட்டி ஒதுங்கினால்? தள்ளி நில்லுங்கள், புகைபிடிக்க வேண்டாம், மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கடலோரப் பாதுகாப்புக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554, எதுவும் நினைவில் இல்லையென்றால் 112. போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் கண்டெய்னரின் பக்கவாட்டில் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் தெரியும். அந்த எண்ணைச் சொன்னால் போதும், பெட்டி யாருடையது, உள்ளே என்ன என்பதைக் கப்பலின் சரக்குப் பட்டியலில் அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள்.