மடையானை வாட்டர்கலரில் வரைவோம்: இறகை விட்டு ஈரத்தைப் பாருங்கள்

பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் நிற்குமே மடையான், அதைத்தான் ஓராண்டாக விடாமல் வரைந்தேன். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். நிற்கும்போது சேற்று நிறம், எழுந்து பறந்தால் பளீரென்று வெள்ளை இறக்கை. ஆரம்பத்தில் இறகு இறகாக வரைந்தேன். அளவெல்லாம் சரியாக வந்தது, ஆனால் பாடம் செய்து வைத்த பறவைபோல இருந்தது. ஈரத்தின் போக்கு பிடிபட்ட பிறகுதான் அது மூச்சு விட ஆரம்பித்தது.

காசு செலவழிப்பதானால் தாளுக்குச் செலவழியுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள்), முழுப் பருத்தி, கோல்ட் பிரெஸ்டு (லேசான சொரசொரப்பு உள்ளது). பெரிய தாளாக வாங்கி நான்காகக் கிழித்துக்கொண்டால் கட்டுப்படியாகும். எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் (அடர்நீலம்), ஏதாவது ஒரு பளிச் மஞ்சள் என நான்கு ட்யூப் போதும். கறுப்பு வாங்கவே வேண்டாம். அல்ட்ராமரினையும் சியன்னாவையும் கெட்டியாகக் குழைத்தால் அதைவிட அழகான கருமை கிடைக்கும். 12ஆம் எண் ரவுண்ட் பிரஷ் ஒன்று, 4ஆம் எண் ஒன்று. வெள்ளையைக் காப்பாற்ற மாஸ்கிங் திரவம் பூசுவதும் எனக்குப் பிடிக்காது, ஓரம் கத்தரித்தாற்போல ஆகிவிடும். தாளை அப்படியே விட்டாலே வெள்ளைதான்.

1. பென்சிலில் இரண்டே நிமிடம். உடம்புக்கு ஒரு முட்டை, அதற்குள் மடங்கிய கழுத்து, ஈட்டிபோல அலகு. அலகின் சாய்வு தப்பக்கூடாது.

2. வயிற்றையும் இறக்கையின் விளிம்பையும் விட்டுவிட்டு, மற்ற இடத்தில் நல்ல தண்ணீரைப் பூசுங்கள். கழுத்தில் ஆக்கர், முதுகில் சியன்னாவோடு கொஞ்சம் அல்ட்ராமரின். பலகையைச் சாய்த்து இரண்டையும் ஓடவிடுங்கள். கோட்டைத் தாண்டினாலும் தடுக்காதீர்கள்.

3. இப்போது கழுத்துக் கோடுகள். நான் மாதக்கணக்கில் தடுக்கி விழுந்த இடம் இதுதான். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடிபோல மினுங்கினால் பொறுங்கள், கோடு கரைந்து போகும். மினுக்கம் அடங்கி, தொட்டால் இன்னும் சில்லென்று இருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் வேளை. பிரஷில் தாளைவிடக் குறைவான ஈரம் இருக்க வேண்டும். வண்ணத்தில் தோய்த்ததும் துணியில் ஒருமுறை ஒற்றுங்கள். ஒற்றாமல் வைத்தால் அந்தத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் காலிஃப்ளவர்போலக் கறை கட்டும். கட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், காயட்டும். சில நேரம் அதுவே இறகாகிவிடும்.

4. நன்றாகக் காய்ந்த பிறகு மஞ்சள் கண், நடுவில் கரும்புள்ளி, மஞ்சள் அலகின் நுனியில் கருமை. படத்தில் கூர்மையான ஓரம் இங்கே மட்டும் இருந்தால் பார்வை நேராக முகத்துக்குப் போகும். கால்கள் இரண்டே இழுப்பு, தண்ணீரில் மறைந்துவிடட்டும்.

பின்சேர்க்கை: அரை மணி நேரமாகியும் மினுக்கம் போகவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அப்படித்தான். ஃபேனைப் போடாதீர்கள், ஓரம் காய்ந்து நடு ஈரமாகவே நிற்கும். முதல் பூச்சில் தண்ணீரைக் குறையுங்கள். அப்புறம், நீங்கள் பார்த்த மடையானுக்கு முதுகு கருஞ்சிவப்பாக இருந்ததா? இனப்பெருக்கக் காலத்துக் கோலம் அது. சியன்னாவோடு அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு வண்ணத்தைச் சேருங்கள், கழுத்துக் கோடுகளை விட்டுவிடுங்கள்.